எட்டுச் சக்கர வண்டி, ஒன்றுக்கு முப்பத்தைந்து

ஜூன் 3, செவ்வாய்

போன வருட வேதியியல் நோட்டில் நாற்பது பக்கம் எழுதாமல் மீதி இருந்தது. பிரித்தெடுத்து, ஊசிநூலால் தைத்து, இந்த நாட்குறிப்பைச் செய்தேன். ஆய்வு நோட்டுக்கு உள்ள விதிதான் இதற்கும். எங்கள் வேதியியல் டீச்சர் சொல்வார்: "பார்த்ததை எழுது. பார்த்திருக்கணும்னு ஆசைப்பட்டதை எழுதாதே." அதனால் நடந்ததை நடந்தபடி எழுதப் போகிறேன். எனக்கே அசிங்கமாக இருந்தாலும் எழுதுவேன். தப்பாக எழுதினால் குறுக்கே ஒரு கோடு, அவ்வளவுதான். ரப்பர் கிடையாது.

முதலில், தெரிந்தவை. அண்ணன் ராணுவத்தில் கவச வண்டி ஓட்டுகிறான். எல்லையில் இருக்கிறான். ஞாயிறு தவறாமல் போன் செய்வான். கடைசியாகப் பேசியது மே 11. இன்றோடு இருபத்து மூன்று நாள்.

போன் வராத முதல் ஞாயிறு, மே 18 சாயங்காலம், அம்மா வாசல் விளக்கைப் போட்டாள். அதற்குப் பிறகு அணைக்கவே இல்லை. பகலிலும் எரிகிறது. எதிர்வீட்டு மாமா மின்சார மீட்டர் பார்க்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். அவரால் இதைத் தாங்க முடியவில்லை. "என்னம்மா, சூரியனுக்கே வழி காட்டறீங்களா?" என்று தினமும் கேட்கிறார். அம்மா சிரிக்கிறாள். கதவைச் சாத்தி உள்ளே வந்ததும் அந்தச் சிரிப்பு முகத்தில் இல்லை.

ஜூன் 4, புதன்

அண்ணன் அறையில், ஜன்னலை ஒட்டிய மேஜையில், அவன் பாதியில் விட்ட மாடல் இருக்கிறது. அவன் ஓட்டும் அதே எட்டுச் சக்கர வண்டி, முப்பத்தைந்தில் ஒரு பங்கு. அட்டைப்பெட்டி மூடியில் மண்டையோடு வரைந்து எழுதி வைத்திருக்கிறான்: "தொட்டவர் கை தொலைந்தது!" அது எனக்குத்தான். வீட்டில் வேறு யாரும் தொட மாட்டார்கள்.

அதை முடிக்கப் போகிறேன் என்று இன்று சொன்னேன்.

அம்மா தட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். காய்ந்த பிறகும் துடைத்தாள். "நீயே முடிச்சிட்டா அவன் வந்து என்ன செய்வான்?"

"விடு, செய்யட்டும்," என்றார் அப்பா. "சும்மா உட்கார்ந்து யோசிச்சுக்கிட்டே இருக்கறதுக்கு இது மேல்."

ஜூன் 7, சனி

அண்ணன் செய்து வைத்தவை: வண்டியின் மேல் பாதி. அதில் ஓட்டுநரின் இரண்டு முன் கண்ணாடிகளையும் உள்பக்கமிருந்து ஒட்டிவிட்டான். ஒவ்வொன்றும் என் கட்டைவிரல் நகம் அளவு. மீதி எல்லாம் எனக்கு: அடிப்பகுதி, எட்டுச் சக்கரங்கள், மேல் கதவு, விளக்குகள், கொக்கிகள். எல்லாம் பிளாஸ்டிக் சட்டங்களில் இலைபோலத் தொங்குகின்றன. நிப்பர் என்ற சின்னக் குறடால் வெட்ட வேண்டும். வெட்டிய இடத்தை உப்புத்தாளால் தேய்க்க வேண்டும்.

அண்ணனுடைய வலது கட்டைவிரலில் சாய்வாக ஒரு தழும்பு உண்டு. முதல் மாடல் செய்தபோது பிளேடு இறங்கிய இடம். "இது என் கையெழுத்து" என்பான்.

ஒரு கணக்கு: அண்ணன் உயரம் 175 செ.மீ. முப்பத்தைந்தால் வகுத்தால் ஐந்து. என் சுண்டுவிரலை அளந்தேன். சரியாக ஐந்து. அப்புறம் ரொம்ப நேரம் சுண்டுவிரலை மடக்கவே தோன்றவில்லை.

ஜூன் 9, திங்கள்

முதல் சேதம். இடது முன்விளக்கை வெட்டும்போது அது டக் என்று தெறித்துப் போய்விட்டது. டார்ச் அடித்து பீரோவுக்குக் கீழே, பாய்க்கு அடியில், என் பைக்குள் எல்லாம் தேடினேன். ஒரு பழைய ஹேர்பின் கிடைத்தது. விளக்கு கிடைக்கவில்லை.

ஜூன் 12, வியாழன்

அப்பா வண்டிகளுக்கு வண்ணம் அடிக்கும் பட்டறையில் வேலை செய்கிறார். நசுங்கலை எடுத்து, துருவைச் சுரண்டி, புதிதுபோல் ஆக்குவார். மாடலுக்குத் துரு வேண்டும், சேறு வேண்டும், ஓரங்களில் வண்ணம் தேய்ந்திருக்க வேண்டும் என்று சொன்னேன். அப்பா என்னையே பார்த்தார்.

"இருபது வருஷமா துருவை மறைச்சே சோறு தின்னவன் நான். என்னைப் போய் துரு போடச் சொல்றியே!"

ஆனால் பிரஷைப் பிடித்ததும் சிரிப்பு நின்றது. வண்ணத்தைத் தொட்டு, காகிதத்தில் துடைத்து, கிட்டத்தட்ட ஒன்றும் மிஞ்சாத பிரஷால் ஓரங்களை மட்டும் தடவினார். பிளாஸ்டிக் இரும்பாகிவிட்டது. புகைக்குழாய் பக்கத்தில் கொஞ்சம் கரி. தட்டிப் பார்த்தால் இரும்புச் சத்தம் வருமோ என்று இருந்தது. தட்டிப் பார்க்கவில்லை.

ஜூன் 15, ஞாயிறு

போன் வரவில்லை.

ஜூன் 18, புதன்

சக்கரங்களை மாட்டி, மேல் பாதியை ஒட்டாமல் சும்மா மேலே பொருத்தி வைத்திருக்கிறேன். பார்த்தது: நான் காலை ஏழரைக்குப் பள்ளிக்கூடம் போகும்போது வண்டியின் பின்பக்கம் ஜன்னல் விளிம்பைத் தொட்டுக்கொண்டு இருந்தது. நாலு மணிக்கு வந்தபோது தொடவில்லை. இடையில் ஒரு விரல் போகும். வண்டியின் முகப்பு, அறையின் கதவைப் பார்த்து இருக்கிறது.

அப்பாவா? அப்பா எனக்கு முன்பே கிளம்பிவிடுகிறார்.

மேஜையில் பென்சிலால் கோடு போட்டு, வண்டியைப் பழைய இடத்தில் வைத்தேன்.

ஜூன் 19, வியாழன்

கோட்டைத் தாண்டி ஒரு விரல். திரும்பப் பழைய இடத்தில் வைத்தேன்.

ஜூன் 24, செவ்வாய்

ஆறு நாள் அளந்துவிட்டேன். 17 மி.மீ., 15, 16, 17, 16, 16. எப்போதும் கதவைப் பார்த்துத்தான். ஞாயிற்றுக்கிழமைகூட நகர்ந்தது. நான் குளித்துவிட்டு வருவதற்குள்!

"லாரி போற அதிர்வுல நகரும். மேஜை சாய்ஞ்சிருக்கு," என்றார் அப்பா.

மேஜையில் ஒரு கோலிக்குண்டை வைத்தேன். அது உருண்டது. ஜன்னலைப் பார்த்து உருண்டது. அதாவது சாய்வு எதிர்ப்பக்கம்.

இதை அப்பாவிடம் சொல்லவில்லை. அம்மா தபால் நிலைய கவுண்டரில் நின்று நின்று கால் வீங்கி வருகிறாள். ஊருக்கு வரும் கடிதங்களை எல்லாம் முதலில் பார்ப்பவள் அவள். நமக்கு வந்திருந்தால் வாசலிலேயே முகத்தில் தெரியும். அவளிடம் போய், மாடல் தானாக ஓடுகிறது என்று எப்படிச் சொல்வது?

ஜூன் 28, சனி

வாசல் பல்பு ஃபியூஸ் போய்விட்டது. அம்மா மார்க்கெட்டில் இருந்தாள். அப்பா ஒரு காலில் செருப்பும் ஒரு காலில் ஒன்றுமில்லாமலும் கடைக்கு ஓடி, அவள் தெருமுனையில் திரும்புவதற்குள் மாற்றிவிட்டார். எதிர்வீட்டு மாமா ஸ்டூலைப் பிடித்துக்கொண்டார்.

ஜூலை 2, புதன்

ஒரு புகைப்படம் வந்தது! அண்ணனோடு வேலை பார்ப்பவர் ஒருவர் காயம்பட்டு விடுப்பில் வந்திருக்கிறார். அவர்தான் அதை அப்பாவின் போனுக்கு அனுப்பியிருந்தார். அங்கே எல்லாருடைய போனையும் வாங்கி வைத்துவிட்டார்களாம். படம் எடுத்தது ஜூன் நடுவில், ராணுவ கேமராவில். அண்ணன் வண்டியில் சாய்ந்து நிற்கிறான். தாடி வைத்திருக்கிறான். ஒரு புருவத்தைத் தூக்கிக்கொண்டு, எப்போதும்போல.

அம்மா போனை மார்போடு வைத்துக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டாள்.

நான் வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். வண்டி எண்ணைக் குறித்துக்கொள்ளத்தான் பார்த்தேன்.

வண்டியில் இடது முன்விளக்கு இல்லை. வயர் மட்டும் தொங்குகிறது.

ஜூலை 3, வியாழன்

அப்பாவிடம் கேட்டேன். "ஹெட்லைட் உடையாத வண்டி உண்டாம்மா? இன்னைக்கே நான் மூணு மாத்தினேன்."

சரிதான். ஆனால் நான் தொலைத்தது ஜூன் 9. படம் ஜூன் நடுவில்.

தற்செயல் என்ற சொல்லை அகராதியில் பார்த்தேன். அர்த்தம் எனக்கு ஏற்கெனவே தெரிந்ததுதான்.

புகைக்குழாயில் அப்பா தடவிய கரியை ஈரத்துணியால் துடைத்து எடுத்துவிட்டேன். குண்டுபட்ட தழும்புகள் எப்படி வரைவது என்று பெட்டியோடு வந்த தாளில் படம் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். அந்தப் பக்கத்தை மடித்து ஒட்டிவிட்டேன். இந்த வண்டிக்கு இனி ஒரு கீறல்கூட என் கையால் விழாது.

ஜூலை 9, புதன்

பெட்டியில் ஒரு ஓட்டுநர் பொம்மை. பாதி உடம்புதான். முகத்தில் கண் இல்லை, வெறும் மேடு. பல்குச்சி முனையால் கண் வைத்தேன். ஒரு புருவம் மேலே போய்விட்டது. நான் அப்படி வைக்க நினைக்கவில்லை. திருத்தவும் இல்லை.

ஜூலை 12, சனி

மேல் பாதியையும் கீழ் பாதியையும் இன்று சேர்த்தேன். மாடல் பசை புட்டிக்குள் காய்ந்து கல்லாகியிருந்தது. அதனால் அப்பாவின் டப்பாவில் இருந்து, செருப்புக்குப் போடும் அந்த உடனே பிடிக்கும் பசையை எடுத்தேன். "அந்தப் பசையைக் கண்ணாடிப் பக்கம் கொண்டு போகாதே" என்று அண்ணன் எப்போதும் கத்துவான். ஏன் என்று கேட்டால் "சொன்னா கேளு" என்பான். சொன்னா கேளு என்பது ஒரு காரணமா?

ஓட்டுநரை உள்ளே உட்கார வைத்தேன். இரண்டு பாதிகளையும் சுற்றிலும் ஒட்டினேன். மேல் கதவையும் மூடி ஒட்டிவிட்டேன். கதவு திறந்திருந்தால் ஏதாவது உள்ளே விழும், மூடியிருந்தால் அவன் பத்திரமாக இருப்பான் என்று நினைத்தேன். ஆறு மணிக்கு முடிந்தது. அழகாக இருக்கிறது. உண்மையாகவே அழகு.

ஜூலை 13, ஞாயிறு

எட்டு நாற்பது. இதை இப்பவே எழுதணும்.

பல் தேய்ச்சிட்டு வந்து பார்த்தேன். கண்ணாடி ரெண்டும் வெள்ளை. உள்ளே புகை. வண்டிக்குள்ள புகை! ஊதினேன், துடைச்சேன், போகல. வெளிப்பக்கம் சுத்தமா இருக்கு. உள்பக்கம்தான்.

இடது கண்ணாடியில், உள்ளேயிருந்து, ஒரு விரல்.

விரல் இல்லை. விரல் வைத்த அச்சு. வெள்ளை வெள்ளையாகக் கோடுகள், வளைந்து வளைந்து. நடுவில் சாய்வாக ஒரு வெட்டு.

யாரோ உள்ளேயிருந்து கண்ணாடியில் கையை வைத்து —

எட்டு ஐம்பது. வண்டியின் மேல் கதவைத் திறந்துவிட்டேன். பிளேடை விளிம்பில் விட்டு நெம்பினேன். வரவில்லை. கெட்டியாக ஒட்டிப் போயிருந்தது. திரும்ப நெம்பினேன். பிளேடு வழுக்கி ஆள்காட்டி விரலில் இறங்கியது. மூன்றாம் முறை படக்கென்று திறந்துகொண்டது. உள்ளேயிருந்து அந்தப் பசையின் காரமான வாடை வந்தது. கண் எரிந்தது.

என் ரத்தம் ஒரு சொட்டு கதவுமேல் விழுந்தது. துடைத்துவிட்டேன். அதையும் எழுத வேண்டும் அல்லவா? எழுதிவிட்டேன்.

அம்மா வந்து, "என்னடி இது ரத்தம்?" என்று கத்தினாள். துணி சுற்றினாள். வண்டியைப் பார்த்தாள்.

ஜூலை 14, திங்கள்

வேதியியல் டீச்சரிடம், ஒரு தோழி வீட்டில் நடந்ததாகச் சொல்லிக் கேட்டேன். (இது பொய். அவரிடம் சொன்ன பொய், இந்த நோட்டில் இல்லை.) அவர் என் விரலில் சுற்றியிருந்த கட்டைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"உன் தோழிகிட்ட சொல்லு. அந்தப் பசை காயும்போது ஆவி வரும். மூடின இடத்துல ஆவி வெளியே போக வழியில்லாம கண்ணாடியில வெள்ளையா படியும். முன்னாடி யாராவது விரல் வெச்ச இடத்துல எண்ணெய்ப் பிசுக்கு இருக்குமே, அதுல இன்னும் நல்லா படியும். கைரேகை எடுக்க போலீசே இப்படித்தான் செய்யறாங்க."

அண்ணன் அந்தக் கண்ணாடியை உள்பக்கமிருந்து ஒட்டியவன். அவன் விரல் பட்டிருக்கும். தழும்பும் அவனுடையதே. எல்லாம் சரியாகிவிட்டது. நான் மூச்சு விட்டேன்.

"எப்ப தொட்டதுன்னு தெரியுமா டீச்சர்?"

"அது தெரியாது. போன வருஷம் தொட்டிருந்தாலும் இப்படித்தான் வரும், நேத்து தொட்டிருந்தாலும் இப்படித்தான் வரும்."

ஜூலை 17, வியாழன்

கண்ணாடியைத் துடைக்கவில்லை. கதவைத் திரும்ப ஒட்டவும் இல்லை. வண்டி மட்டும் தினமும் ஒரு விரல் நகர்கிறது. நானும் தினமும் கோட்டில் கொண்டு போய் வைக்கிறேன். யார் முதலில் அலுத்துப் போகிறார்கள் என்று பார்க்கலாம்.

ஜூலை 21, திங்கள்

பள்ளியிலிருந்து வந்தபோது அப்பா வீட்டில் இருந்தார். கையில் பாதி வண்ணம். பட்டறையிலிருந்து அப்படியே வந்திருக்கிறார். அம்மா தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"உயிரோட இருக்கான்," என்றார் அப்பா. முதலில் அதைச் சொன்னதற்காக அப்பாவுக்கு என் ஆயுசு முழுக்க நன்றி.

தபால் நிலையத்துக்கே போன் வந்ததாம். வண்டிக்குப் பக்கத்தில் ஏதோ வெடித்து, உள்ளே தீப்பிடித்து, புகை அடைத்துக்கொண்டது. மேல் கதவு இறுகிவிட்டது. சுட்டுப்போன இரும்பை வெறும் கையால் தள்ளியிருக்கிறான். கடைசியில் திறந்தது. இரண்டு கையும் வெந்துவிட்டது. மருத்துவமனையில் இருக்கிறான்.

நான் அறைக்குள் ஓடினேன். அம்மா பின்னாலேயே வந்தாள். வண்டி கோட்டைத் தாண்டி ஒரு விரல் நின்றது. வழக்கப்படி கையை நீட்டினேன்.

"அதை இனிமே பின்னாடி தள்ளாதேடி."

நான் திரும்பிப் பார்த்தேன்.

"நான்தான். தினமும் ஒரு விரற்கடை. வீட்டுப் பக்கமா கொண்டு வந்துக்கிட்டே இருந்தேன். நீ ஒவ்வொரு நாளும் எடுத்துக் கொண்டு போய் அங்கேயே வெச்சே."

நான் அவனை எல்லைக்குத் திருப்பி அனுப்பிக்கொண்டே இருந்திருக்கிறேன். ஸ்கேல் வைத்து அளந்து.

அம்மா மேல் விழுந்து அழுதேன். அவளும். அப்பா கதவோரம் நின்று, வண்ணம் பட்ட கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்.

ஜூலை 22, செவ்வாய்

அது நடந்தது என்றைக்கு என்று அப்பாவிடம் கேட்டேன்.

பதின்மூன்றாம் தேதி. ஞாயிறு.

புகையைப் போட்டவள் நான். கதவைத் திறந்தவளும் நான். இல்லை, பசையின் ஆவி, அவ்வளவுதான். டீச்சரே சொன்னார். இல்லை —

பார்த்ததை எழுது. தேதி ஒன்று. அதைத்தான் பார்த்தேன்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

அப்பாவும் அம்மாவும் மருத்துவமனைக்குப் போய்விட்டு வந்தார்கள். ஒரு நாள் பயணம். என்னைக் கூட்டிப் போகவில்லை. கையில்தான் கட்டு, வாயில் பேச்சு எல்லாம் பழையபடி என்றார் அப்பா. "ரிப்போர்ட்டர் என் பெட்டியைத் தொட்டாளா?" என்று கேட்டானாம். அவன் எனக்கு வைத்த பெயர் அது.

"தொட்டவர் கை தொலைந்தது." அந்த மூடியைப் பரண்மேல் போட்டுவிட்டேன்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

வண்டி மேஜை விளிம்புக்கு வந்துவிட்டது. அம்மா அதை எடுத்துக் கூடத்து அலமாரியில் வைத்தாள். அங்கேயும் தினமும் ஒரு விரற்கடை. இப்போது நானும் கோணாமல் பிடித்துக் கொடுக்கிறேன்.

செப்டம்பர் 5, வெள்ளி

நாளை அண்ணன் வருகிறான். வண்டி வாசற்கதவுக்குப் பக்கத்து ஸ்டூலில், வீட்டின் உள்பக்கம் பார்த்து.

செப்டம்பர் 6, சனி

பத்தே முக்காலுக்கு வந்தான். மெலிந்திருக்கிறான். இரண்டு கையிலும் தோல் நிறத்தில் இறுக்கமான உறை. அம்மா அவன் முகத்தை மட்டுமே தொட்டாள். எதிர்வீட்டு மாமா வாசலிலேயே நின்று, "வா தம்பி, வா தம்பி," என்று ஏழெட்டு தடவை சொன்னார்.

அண்ணன் குனிந்து ஸ்டூலைப் பார்த்தான். கையால் எடுக்க முயலவில்லை. முழங்காலிட்டுக் கண்ணை வண்டிக்கு நேராக வைத்தான்.

"துரு யாரு? அப்பாவா? கொன்னுட்டீங்கப்பா." பிறகு, "இடது ஹெட்லைட் எங்கே?"

"தொலைச்சிட்டேன்."

"பரவாயில்லை. அங்கேயும் இல்லை."

பிறகு கண்ணாடி. "அந்தப் பசையைப் போட்டியா? படிச்சுப் படிச்சுச் சொன்னேனே, கழுதை..." நின்றான். மூக்கு கிட்டத்தட்டக் கண்ணாடியில் படும்படி பார்த்தான். ரொம்ப நேரம்.

"இது என் கட்டைவிரல்."

"ஆமா."

வலது கை உறையைப் பல்லால் இழுத்துக் கழற்றிக் காட்டினான். புதுத்தோல். மழமழவென்று, ரோஜா நிறத்தில், மெழுகு பூசியதுபோல. கோடு இல்லை. தழும்பும் இல்லை.

"ஆபீஸ்ல மிஷின்ல விரல் வைக்கச் சொன்னாங்க. வெச்சேன். 'விரலை வைக்கவும்'னுது. திரும்ப வெச்சேன். திரும்பவும் 'விரலை வைக்கவும்'. நான் அங்கே இல்லவே இல்லையாம்." சிரித்தான். "இனிமே ஊர்ல எது திருடு போனாலும் தைரியமா என்னைக் கை காட்டுங்க. மாட்டவே மாட்டேன்."

யாரும் சிரிக்கவில்லை. அப்புறம் அப்பா சிரித்தார். அப்புறம் எல்லாரும்.

அப்பாவும் அம்மாவும் உள்ளே போனதும் அவன் மேல் கதவைப் பார்த்தான். பிளேடு நெம்பிய கீறல் விளிம்பில் இன்னும் இருக்கிறது.

"இதை ஒட்டிட்டுத் திறந்தியா?"

"ம்."

"அங்கே கதவு எவ்வளவு தள்ளியும் வரலைடி. ரெண்டு தடவை லேசா அசைஞ்சுது, அவ்வளவுதான். மூணாவது தடவை யாரோ வெளியேயிருந்து நெம்பின மாதிரி படக்குன்னு திறந்துச்சு. வெளியே வந்து பார்த்தா யாருமே இல்லை."

அப்போது மணி என்ன என்று நான் கேட்கவில்லை. கேட்டால் அவன் சொல்லுவான். சொன்னால் இங்கே எழுத வேண்டும்.

அவன் என் ஆள்காட்டி விரலைப் பார்த்தான். சாய்வாக ஒரு தழும்பு, அவனுடையதைப் போலவே. "உனக்கும் கையெழுத்து வந்துடுச்சா ரிப்போர்ட்டர்?" என்றான்.

பிறகு எழுந்து வாசலை எட்டிப் பார்த்தான். "அம்மா! பட்டப்பகல்ல எதுக்கு லைட்டு எரியுது?"

எதிர்வீட்டு மாமா தன் வாசலில் அசையாமல் நின்றார்.

அண்ணன் சுவரில் சாய்ந்து, முழங்கையால் சுவிட்சைத் தட்டினான்.

பதினொன்று இருபதுக்கு வாசல் விளக்கு அணைக்கப்பட்டது.